வெறும் வாயோடு வந்த விருந்தாளி

வாருங்கள் கண்மணிகளே, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். பாலைக் காய்ச்சி இறக்கியாயிற்றா? தொட்டிலில் கிடப்பது தூங்கிவிட்டதா? நல்லது. இந்த வாரம் உங்களுக்கு ஒரு பட்டினிக் கதை வைத்திருக்கிறேன். முகம் வாட வேண்டாம். கண்ணீர் விடுகிற பட்டினி இல்லை இது, வயிறு வலிக்கச் சிரிக்கிற பட்டினி.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. திருச்சி பாலக்கரையில் பரக்கத் அலி என்று ஒரு மனிதர். பஸ்ஸுக்கு மெத்தை சீட்டும் கித்தான் கூரையும் தைப்பது அவர் தொழில். வீட்டு முன்கூடத்தில் ஒரு பெரிய தையல் மிஷின். அந்தக் குடும்பத்துக்கு வயலும் அதுதான், தோப்பும் அதுதான். அவர் வெளியே போனால் மகள் ஜீனத் உட்கார்ந்து தைப்பாள்.

துறையூர் வழியாக உப்பிலியபுரத்துக்குப் பஸ் விட்ட ஒரு லிமிடெட் கம்பெனியை நம்பித்தான் அந்த மிஷினைத் தவணையில் வாங்கினார். கம்பெனியின் பஸ்கள் எல்லாவற்றுக்கும் சீட்டு தைத்துக் கொடுத்தார். முந்நூற்று நாற்பது ரூபாய் பாக்கி நின்றது. அதனால் மிஷின் தவணையும் தட்டுத்தடுமாறி வந்து, கடைசியில் நின்றது. கம்பெனியோ நொடித்துப் போய், கதவை மூடி, சர்க்கார் பதிவிலிருந்தே பெயர் எடுபட்டுப் போயிற்று.

இல்லாமல் போன கம்பெனியிடம் பணம் கேட்பது எப்படி? பரக்கத் அலியின் மனைவி ஷரபுன்னிசா, போன வாரம் வக்கீல் அமிர்தசாமியிடம் அதைத்தான் கேட்டாள்.

"கம்பெனிங்கிறது ஒரு ஆள் மாதிரிம்மா. அந்த ஆள் செத்துட்டான்னு வெச்சுக்குங்க" என்றார் வக்கீல்.

"எங்கள்ல ஒருத்தர் மௌத்தாயிட்டா, தூக்கிட்டுப் போறதுக்கு முந்தி கூட்டத்தைப் பாத்துக் கேப்பாங்க. 'இவரு யாருக்காச்சும் பாக்கி தரணும்னா இப்பவே சொல்லிடுங்க'ன்னு. இந்தக் கம்பெனிக்கு மட்டும் அந்த வழக்கம் கிடையாதாங்கய்யா?"

வக்கீல் சிரித்துவிட்டார். "கேட்டாங்கம்மா! பேப்பர்ல போட்டே கேட்டாங்க. பணம் வரவேண்டியவங்க அத்தனை பேரும் எழுதிக் குடுத்தாங்க. உங்க வீட்டுக்காரர் ஒருத்தர்தான் வாயைத் திறக்கலை."

ஆனாலும் ஒரு வழி இருந்தது. பெட்ரோல் டிப்போ ஒன்றில் கம்பெனி கட்டிய ஆயிரம் ரூபாய் முன்பணம் அப்படியே கிடந்தது. மூடுகிற அவசரத்தில் அது யாருக்கும் நினைவு வரவில்லை. செத்த கம்பெனியைக் கோர்ட்டு நினைத்தால் எழுப்பி உட்காரவைத்து, அந்தப் பணத்தைக் கேட்டு வாங்கச் சொல்லலாம். ஆனால் மூடிய இரண்டு வருஷத்துக்குள் உத்தரவு கிடைக்க வேண்டும். அந்தக் கெடு நெருங்கிவிட்டது. நாளைக் காலையில் மனு கோர்ட்டில் ஏறியாக வேண்டும். கம்பெனிக் கணக்கைத் தீர்த்து மூடியவர் ஸ்ரீரங்கத்து வாழைமண்டி அழகர்சாமி. 'ஆமாம், பரக்கத் அலிக்குப் பாக்கி உண்டு' என்று அவர் அந்த மனுவில் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் ஆயிரம் ரூபாய் யாருக்கோ போகும், பாலக்கரைக்கு வராது.

கையெழுத்து வாங்குகிற நாள்தான் இன்றைக்கு.

ஐப்பசித் தூறல். ரமலான் மாதம். விடிகாலைத் தொழுகை முடிந்து வந்து உட்கார்ந்த பரக்கத் அலியை ஷரபுன்னிசா பிடித்துக்கொண்டாள்.

"அழகர்சாமி அண்ணன் வீட்டுக்கு எத்தினி தடவை போயிருப்பீங்க?"

"அதையெல்லாம் எண்ணிக்கிட்டா இருக்க முடியும்?"

"ஒரு தடவையாச்சும் காசைப் பத்திக் கேட்டீங்களா?"

பரக்கத் அலி தாடியைத் தடவினார். "எங்கே புள்ள கேக்க விடுறாங்க? செருப்பைக் கழட்டறதுக்குள்ள அந்தம்மா எலையைப் போட்டுடறாங்க. வாழைமண்டிக்காரர் வீடு, எலைக்கா பஞ்சம்? ஒரு வீட்டுல சாப்பிட்டு எழுந்திரிச்ச அன்னிக்கு அங்கே காசுப் பேச்சு எடுக்கக் கூடாது. எங்க அத்தா காலத்துலேர்ந்து வர்ற பழக்கம்."

"மறுநாள் போய்க் கேக்கலாமே அத்தா?" என்றாள் ஜீனத், அடுப்படியிலிருந்து.

"மறுநாளும் எலை போடுவாங்கம்மா."

"பாத்தீங்களா! சோத்தைப் போட்டே வாயை அடைக்கிறாங்க" என்றாள் ஷரபுன்னிசா. "இன்னிக்கு நான் போறேன். எனக்கு நோன்பு. எந்த எலையைப் போட்டு என் வாயை அடைப்பாங்கன்னு பாக்கறேன்."

"நோன்பு மாசத்துல போய் ஒருத்தர் வாசல்ல நின்னு..."

"நோன்பு மாசத்துல மட்டும்தாங்க அந்த வீட்டுல நமக்குப் பேச்சு வரும்!"

அவர் அடுத்த வார்த்தையைத் தேடுவதற்குள் ஷரபுன்னிசா எழுந்துவிட்டாள். வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, மனுவை மடித்து இடுப்பில் செருகினாள்.

"தவணைக்காரத் தங்கையன் இன்னிக்கு மிஷினைத் தூக்க வருவான். நான் திரும்பி வர்ற வரைக்கும் மிஷின் இந்தக் கூடத்துலயே இருக்கணும். எப்படி இருக்கும்னு என்னைக் கேக்காதீங்க."

வாசலில் அவள் தம்பி கலீலின் ஜட்கா நின்றது. சத்திரம் தாண்டி, காவிரிப் பாலத்தில் ஏறியபோது ஆறு கரை தொட்டுச் செந்நிறமாய் ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, வண்டிக் கூலி?"

"கம்பெனி எழுந்திரிச்சதும் தரேன்டா."

"செத்தவன் எழுந்திரிச்சுக் கூலி தரான்னு குதிரைகிட்ட எப்படிச் சொல்றது?" என்று கலீல் அலுத்துக்கொண்டான். குதிரை ஒன்றும் சொல்லாமல் ஓடியது.

அழகர்சாமியின் வீடு அம்மா மண்டபம் சாலையில். வண்டிச் சத்தம் கேட்டதும் அவர் மனைவி ரங்கநாயகி வாசலுக்கே வந்துவிட்டாள்.

"பாய் வீட்டம்மாவா! வாங்க, வாங்க. இப்பத்தான் உங்களுக்கு வழி தெரிஞ்சுதா? உக்காருங்க, இதோ எலையை அறுத்துட்டு வரேன்."

"வேணாங்க அண்ணி. நோன்பு."

"ஒரு வாய் காபி?"

"தண்ணிகூடக் கூடாதுங்க."

"மோரு? மோரு சாப்பாட்டுல சேராதே!"

"சேருங்க அண்ணி."

"வெத்தலையாச்சும் போட்டுக்குங்களேன்!"

ஷரபுன்னிசா சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். ரங்கநாயகி கூடத்துக்கும் அடுப்படிக்குமாக இரண்டு நடை நடந்தாள். ஒரு விசிறியைக் கொண்டுவந்து, மழைக் குளிரில் எதற்கு விசிறி என்று கீழே வைத்தாள். கடைசியில் எதிரே உட்கார்ந்து, கையைப் பிசைந்தாள்.

"வந்தவங்களை வெறும் வாயோட உக்கார வெச்சு எனக்குப் பழக்கமே இல்லையேம்மா. என்ன பேசறதுன்னே தெரியலை."

"நான் பேசறேன் அண்ணி. இன்னிக்கு என் வாயில உங்க வீட்டு உப்பு இல்லை. அதான் துணிஞ்சு வந்தேன். எங்க பாக்கி முந்நூத்தி நாப்பது ரூபா. அதுக்கு வழி பண்ணணும்."

ரங்கநாயகி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "என்னம்மா இது! அதைத்தான் பாய் வேணாம்னுட்டாரே!"

"யாரு வேணாம்னது?"

அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கட்டும். நாம் ஒரு நடை பாலக்கரைக்குப் போய் வருவோம்.

தவணை மிஷின் கம்பெனியின் ஏஜெண்டு தங்கையன் அங்கே வந்தாயிற்று. நல்ல மனிதர்தான், ஆனால் உத்தரவு உத்தரவு. சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். பின்னாலேயே ஒரு கட்டை வண்டி.

"மன்னிச்சுக்குங்க பாய். மூணு தவணை நின்னு போச்சு. தூக்கிட்டு வான்னுட்டாங்க."

பரக்கத் அலி மிஷின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து ஜீனத்தின் குரல்தான் வந்தது.

"தங்கையன் அண்ணே, உங்க சைக்கிள் சீட்டு அப்படிக் கிழிஞ்சு தொங்குதே, உக்காந்தா குத்தாதா?"

"குத்தாம? ஒரு வருஷமா நின்னுக்கிட்டுத்தான் மிதிக்கிறேன் தங்கச்சி."

"பஸ்ஸு சீட்டு தைக்கிற வீட்டு வாசல்ல இப்படி ஒரு சீட்டு நிக்கலாமா? கழட்டிக் குடுங்க. போற மிஷின், கடைசியா உங்களுக்கு ஒரு தையல் போட்டுட்டுப் போகட்டும். காசு வேணாம்."

தங்கையன் யோசித்தார். கட்டை வண்டிக்காரனைப் பார்த்தார். குத்துகிற இடத்தை நினைத்தார். சீட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

அவ்வளவுதான். சீட்டு, திரைக்கு உள்ளே போய்ப் பழைய தோல் உரிந்து வெளியே வந்தது. பரக்கத் அலிக்கு இப்போது விஷயம் பிடிபட்டது. புதுத் தோலை எடுத்து நிதானமாகத் தண்ணீரில் போட்டார்.

"எவ்வளவு நேரம் ஊறணும் பாய்?"

"அது தோலுக்குத்தாங்க தெரியும்."

கட்டை வண்டிக்காரன் வேறு வாடகை இருக்கிறது என்று மாட்டைத் திருப்பினான். தங்கையன் கூப்பிடக் கூப்பிடப் போய்விட்டான். பிற்பகலில் எட்டிப் பார்த்தால், சீட்டு பாதித் தையலில் மிஷின் ஊசிக்கு அடியில் இருந்தது.

"இப்ப மிஷினைத் தூக்கினா என் சீட்டு என்னாகும்?" என்றார் தங்கையன், மெதுவாக.

"கிழியும்ணே" என்றாள் ஜீனத், ரொம்பப் பரிவோடு.

ஸ்ரீரங்கத்தில் அழகர்சாமி அப்போதுதான் நேரம் தாண்டி, மண்டியிலிருந்து பசியோடு சாப்பாட்டுக்கு வந்திருந்தார். பருத்த உடம்பு, பெரிய குரல். விஷயத்தைக் கேட்டதும் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அம்மா, இதே கூடத்துலதான். பாய் சாப்பிட்டுக் கை கழுவிட்டு வந்தாரு. 'கணக்கைத் தீர்க்கப் போறோம், உங்க பாக்கியை எழுதிக் குடுங்க பாய்'னேன். நெஞ்சுல கையை வெச்சாரு. தலையை ஆட்டினாரு. கண்ணு கலங்கிப் போச்சு. ஒரு வார்த்தை பேசாம இறங்கிப் போயிட்டாரு. அதுக்கு என்னம்மா அர்த்தம்?"

"சாப்பிட்ட வாயால இன்னிக்குப் பேச மாட்டேன், இன்னொரு நாளைக்கு வரேன்னு அர்த்தம்ணே!"

"அப்ப கண்ணு கலங்கினது?"

ஷரபுன்னிசா தயங்கினாள். "அன்னிக்கு ரசத்துல மொளகு கொஞ்சம் தூக்கலாம். வீட்டுக்கு வந்து சொன்னாரு."

ரங்கநாயகி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா, வெட்கப்படுகிறாளா என்று தெரியவில்லை.

"போச்சு!" என்று உட்கார்ந்துவிட்டார் அழகர்சாமி. "கடைசிக் கூட்டத்துல எழுந்து நின்னு சொன்னேனேம்மா! 'எங்க பாய் பாக்கியை விட்டுக் குடுத்துட்டாரு, மனுஷன்னா அவர்தான் மனுஷன்'னு. பங்குதாரங்க அத்தனை பேரும் கை தட்டினாங்க. அந்த நன்றிக்குத்தானே வர்றப்பல்லாம் எலையைப் போடறா இவ!"

"எங்க வீட்டுக்காரருக்காகக் கை தட்டினாங்களா?" ஷரபுன்னிசாவுக்கு ஒரு கணம் பெருமையாகத்தான் இருந்தது. "அவருக்குத் தெரியவே தெரியாதேங்க. மிஷின் போகப்போகுது அண்ணே. அது போனா அரிசி போச்சு. நாளைக்கு மனுப் போடணும். ஒரு கையெழுத்து."

இடுப்பிலிருந்து மனு வெளியே வந்தது. அழகர்சாமி அதை விரித்தார், படித்தார். மறுபடி மடித்தார்.

"போட மாட்டீங்களா?" என்றாள் ரங்கநாயகி, கோபமாக.

"இருடி. பாய் விட்டுக் குடுத்தாருன்னு ஊருக்கு முன்னால சொன்னவன் நான். இப்ப கோர்ட்டுல மாத்திச் சொன்னா, 'பாயைக் கேட்டியா'ன்னுதான் அத்தனை பேரும் கேப்பாங்க. அவரு சம்சாரம் சொல்லிச்சு, தலையாட்டினாரு, நெஞ்சைத் தொட்டாருன்னு நான் மறுபடி கதை சொல்ல முடியாது. பாய் தன் வாயால ஒரு தடவை கேக்கட்டும். கேட்ட அந்த நிமிஷம் கையெழுத்து."

நியாயமான பேச்சுதான். ஆனால் தன் புருஷன் வாயைத் திறந்து காசு கேட்டு ஷரபுன்னிசா பார்த்ததே இல்லை.

"சரி, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் பாய் வீட்டுக்குக் கிளம்புங்க" என்றாள் ரங்கநாயகி கணவரிடம்.

அவர் ஷரபுன்னிசாவைப் பார்த்தார். "அந்தப் புள்ள பச்சைத் தண்ணி குடிக்காம உக்காந்திருக்கு. நான் அது கண்ணு முன்னால எலையில உக்காரவா? பேனாவை எடு, போறேன்."

அழகர்சாமி ஏறியதும் ஜட்கா ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஒரு பூவன் தார் வேறு ஏறியது. "இதுக்கும் கூலி கம்பெனிதானா?" என்றான் கலீல். வழி முழுக்க அழகர்சாமியின் வயிறு கூவிக்கொண்டே வந்தது. கடைவீதியில் பக்கோடா வாசனை அடித்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டு ரங்கநாதரைக் கூப்பிட்டார்.

பாலக்கரை வந்து சேர்ந்தபோது வெளிச்சம் மங்கிவிட்டது. கூடத்தில் நோன்புக் கஞ்சி ஆவி பறந்துகொண்டிருந்தது. பேரீச்சம்பழம் தட்டில். ஓரத்தில் ஒரு மரப்பெட்டி மேல், சீட்டில்லாத சைக்கிளைக் காவல் காத்தபடி தங்கையன்.

"அடடே, வாங்க, வாங்க!" பரக்கத் அலி கையைப் பிடித்துக்கொண்டார். "நல்ல நேரத்துக்கு வந்தீங்க. நோன்பு திறக்கப் பள்ளிவாசல்ல நகரா அடிக்கப் போறாங்க. கஞ்சி குடிச்சிட்டு நிதானமாப் பேசுவோம்."

"கஞ்சிக்கு முந்தி!" என்று கத்தினாள் ஷரபுன்னிசா. "அவரு இங்கே ஒரு மொடக்கு குடிச்சாருன்னா, நீங்க ஆயுசுக்கும் கேக்க மாட்டீங்க. இப்பவே கேளுங்க!"

"எதை?"

"என்னத்தையா? காசை!"

அழகர்சாமி மனுவை மடியில் விரித்து, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, கஞ்சிப் பானையைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார். "கேளுங்க பாய். உங்களைக் கேக்க வைக்கத்தான் ஆத்தைத் தாண்டி வந்திருக்கேன்."

பரக்கத் அலி தொண்டையைச் செருமினார். "வழியில மழைங்களா?"

"அத்தா!"

"பூவன் தாரு இப்பல்லாம் என்ன விலை போகுதுங்க?"

"பாய், கேட்டுத் தொலைங்க பாய்!" இது தங்கையன். "நீங்க கேட்டாத்தான் அவர் போடுவாரு, அவர் போட்டாத்தான் எனக்குத் தவணை வரும்!"

பள்ளிவாசல் பக்கம் சந்தடி அடங்கியது. நகரா அடிக்கப் போகிறார்கள் என்று தெருவுக்கே தெரிந்துவிட்டது. பரக்கத் அலி மிஷின் பக்கம் திரும்பினார். சக்கரத்தை ஒருமுறை தொட்டுவிட்டு, அழகர்சாமியை நேராகப் பார்த்தார்.

"அண்ணே, நான் தைச்ச சீட்டுல உப்பிலியபுரம் சனங்க மூணு வருஷம் உக்காந்து போனாங்க. மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்கினாங்க. ஒரு சீட்டும் பிரியலை. அந்தக் கூலி எனக்கு வேணும். நான் விட்டுக் குடுக்கலை. குடுங்க."

திரைக்குப் பின்னால் ஜீனத் மூச்சை விட்டது கூடத்தில் கேட்டது.

"இவ்வளவுதானே பாய்!" என்றார் அழகர்சாமி. "இதை அன்னிக்கே சொல்லியிருந்தா, ஊரு உங்க தையலுக்கே கை தட்டியிருக்கும்."

முழுப்பெயரையும் நீட்டி நிறுத்திக் கையெழுத்துப் போட்டார். மை உலரட்டும் என்று ஊதிக்கொண்டிருக்கும்போது நகரா முழங்கியது.

முதல் கோப்பைக் கஞ்சி அழகர்சாமிக்குத்தான் போயிற்று. "இன்னிக்கு எனக்கும் அரை நோன்பு" என்று அவர் இரண்டாவது கோப்பையை நீட்டினார். தங்கையனுக்கும் ஒன்று. அவர் நன்றாக ரசித்து, ஊதி ஊதிக் குடித்து முடிக்கும்வரை ஜீனத் பொறுத்திருந்தாள்.

"தங்கையன் அண்ணே, எங்க வீட்டுல வாய் நனைச்சுட்டீங்க. இன்னிக்கு மிஷினைப் பத்திப் பேசக் கூடாது. எங்க தாத்தா காலத்துப் பழக்கம்."

தங்கையனே சிரித்துவிட்டார். "பெருநாள் வரைக்கும் பேசலை, போ. அது வரைக்கும் ஆபீஸுல நான் பாத்துக்கறேன். கோர்ட்டு உத்தரவு வந்ததும் தவணை வந்தாச் சரி." அப்புறம் கோப்பையைக் கீழே வைத்துக்கொண்டே, சாதாரணமாகக் கேட்டார். "ஆமா, அந்த முன்பணம் எந்த டிப்போவுல கிடக்குது?"

ஷரபுன்னிசா சொன்னாள்.

தங்கையன் முகம் மாறியது. "அதுவா? காலையில அந்த வழியாத்தானே வந்தேன். ஏணியைப் போட்டுப் பெயர்ப் பலகையைக் கழட்டிக்கிட்டிருந்தாங்களே. டிப்போவையும் மூடறாங்க போல."

அழகர்சாமியின் கோப்பை வாய்க்கும் மடிக்கும் நடுவில் நின்றது. பரக்கத் அலி எழுந்தார். ஆமாம் கண்மணிகளே, யாரும் சொல்லாமல், அவராகவே எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

"கலீல், வண்டியைப் பூட்டுப்பா. டிப்போவுக்குப் போகணும். இந்தத் தடவை நானே கேக்கறேன்."

அந்தக் குதிரை தெருமுனை திரும்பட்டும். அவர்களுக்குத் துணை இருக்கிறது. நீங்கள் விளக்கைத் தாழ்த்திப் படுங்கள். உழைத்த கூலி ஒரு காசு குறையாமல் உங்கள் வீடு வந்து சேரட்டும். கேட்க வேண்டிய இடத்தில் உங்கள் வீட்டு ஆண்களுக்கும் பெண்களுக்கும் நாக்கு கூசாமல் இருக்கட்டும். உங்கள் பானையில் வந்தவருக்கு ஒரு பிடி எப்போதும் மிஞ்சட்டும். பிள்ளை குட்டிகளோடு, நோய் நொடி இல்லாமல், சிரித்த முகமாக நல்லா இருங்கள்.